உதவியைக் கேட்கும் முறை

நோயாளியின் அருகில் இரவுபகலாக இருப்பவரிடம், "ஏதேனும் உதவி வேண்டுமா?" என்று உறவினர் கேட்பர். "வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்பதே பெரும்பாலும் விடை. வந்தவர் பழப்பையை மேசைமீது வைத்துவிட்டுப் புறப்படுவார். விடையளித்த மகளோ முந்தைய இரவு இரண்டு மணி நேரம்கூட உறங்கியிருக்கமாட்டார்.

பிறருக்குச் சிரமம் தரலாகாது என்றே நாம் பழகியுள்ளோம். ஆனால் நீண்டகால நோயை ஒரு குடும்பம் தனித்துச் சுமக்க இயலாது. கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சைப் பணி இதனை உணர்ந்திருந்தது. அதன் தொடர்ச்சியாக, ஊர்மக்களே பயிற்சி பெற்று, வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்கி, நோயாளிகளின் வீடுகளுக்குச் செல்லலாயினர். உடனிருந்து பேசுதல், அரிசி பருப்பு சேர்த்துத் தருதல், பிள்ளைகளின் படிப்பைக் கவனித்தல் ஆகியவையும் அவர்கள் செய்த பணிகள். 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

ஆகவே, பணியையும் நேரத்தையும் குறிப்பிட்டே கேட்போம். "சித்தி, செவ்வாய்க்கிழமை மாலை நான்கு முதல் ஆறு வரை அப்பாவுடன் இருங்கள், நான் சற்று உறங்கி வருகிறேன்" என்றால் எவருக்கும் குழப்பமில்லை. மாத்திரைப் பொறுப்பை மட்டும் பலரிடம் பிரிக்க வேண்டாம். கொடுத்த நேரத்தைத் தாளில் எழுதிவைப்போம்.

யார் வரலாம் என்பதை நோயாளியிடமும் கேட்க வேண்டும். தாம் சுமையாகிவிட்டதாக வருந்துபவர் அவரே. பேரனின் வீட்டுப்பாடத்தைக் கட்டிலில் இருந்தபடியே அவர் பார்த்துத் தரக்கூடும். நாம்தாம் அவரிடம் கேட்பதில்லை.