பொடோனியைப் பெரிதாகப் போடுங்கள்

நகைக்கடை விளம்பரம், ஃபேஷன் இதழ், வாசனைத் திரவியப் பெட்டி என்று வேலை வந்தால் டிசைனர்களின் கை முதலில் போவது பொடோனி, டிடோ வகை எழுத்துருக்களை நோக்கித்தான். தேர்வு சரிதான். ஆனால் அவற்றின் அழகும் ஆபத்தும் மயிரிழை போன்ற மெல்லிய கோட்டில்தான் இருக்கின்றன.

இத்தாலியின் பார்மா நகரில் 1768இல் அரச அச்சகப் பொறுப்பை ஏற்ற ஜாம்பத்திஸ்தா பொடோனியும், பாரிஸில் டிடோ குடும்பத்தாரும் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வளர்த்தெடுத்த பாணி இது. செங்குத்துக் கோடு தடிப்பு, குறுக்குக் கோடு மெலிவு, நுனியில் நேராக வெட்டிய செரிஃப் என்னும் சிறு கோடு. வழவழப்பான தாள் கிடைத்த பிறகுதான் அவ்வளவு மெல்லிய கோடு அச்சில் நின்றது. பொடோனி ஒரே வடிவத்தைப் பெருக்கிச் சுருக்கிப் போட்டவர் அல்ல. ஒவ்வோர் அளவுக்கும் அச்செழுத்தைத் தனியாக வெட்டினார். அவர் இறந்தபின், 1818இல் அவருடைய மனைவி வெளியிட்ட மாதிரி நூலில் அந்த உழைப்பைப் பார்க்கலாம்.

கணினியில் ஒரே கோப்பை எந்த அளவுக்கும் இழுக்கிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. மெல்லிய கோடு எழுத்தளவில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 72 பாயிண்டில் அது 1.44 பாயிண்ட், நன்றாகத் தெரியும். விசிட்டிங் கார்டில் 8 பாயிண்டில் போட்டால் 0.16. அச்சில் அது அறுந்து போகும், தடித்த கோடுகள் மட்டும் கம்பி கம்பியாக நிற்கும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தென்றால் இன்னும் மோசம், மை பரவிக் கோட்டையே மூடிவிடும்.

எழுத்துரு வடிவமைப்பாளர் ஜோனதன் ஹோஃப்லர் 'ஹார்பர்ஸ் பஜார்' ஃபேஷன் இதழுக்கு டிடோவை வரைந்தபோது ஏழு அளவுகளுக்குத் தனித்தனியாக வரைந்தது இதற்காகத்தான். இலவசமாகக் கிடைக்கும் பொடோனி மோடா எழுத்துருவிலும் அளவுக்கேற்ப மெலிவை மாற்றும் வசதி உண்டு. சிறிய எழுத்துக்குச் சிறிய அளவுக்கான வடிவத்தையே எடுங்கள். அப்படி ஒன்று இல்லாத எழுத்துரு என்றால் தலைப்போடு நிறுத்திக்கொண்டு, உள்ளுரைக்கு அமைதியான வேறொன்றைச் சேருங்கள். மருந்துச் சீட்டு, வழிகாட்டிப் பலகை, போன் செயலியின் பட்டன் ஆகியவற்றுக்கு இந்த வகையே வேண்டாம். அவசரமாகப் படிப்பவருக்கு இது உதவாது.

தலைப்பில் எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியைக் கையாலேயே சரிசெய்யுங்கள். பெரிய அளவில் ஒரு சிறு பிசகும் பளிச்சென்று தெரியும்.

வேலை தேடுபவர்களுக்கு ஒன்று. போர்ட்ஃபோலியோவில் பளபளப்பான மாதிரிப் படம் (mockup) மட்டும் வைக்காதீர்கள். அதே தலைப்பை நிஜ அளவில், நிஜத் தாளில் அச்சடித்துக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். வாடிக்கையாளரிடம் ஒப்புதல் வாங்கும்போதும் இதையே செய்யுங்கள். திரையில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து அவர் 'சரி' என்று சொன்னதை நம்பி ஃபைலை அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள்.