சமவெளிப் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டுவது எப்படி?

ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ எல்கேஜி படிக்கும் பிள்ளைக்குக் கோழியைத் திரையில் காட்ட வேண்டியதில்லை, தெருவிலேயே மேய்கிறது. எளிதில் போய்ப் பார்க்க முடியாததைக் காட்டத்தான் மெய்நிகர் காட்சி வேண்டும். ஆகவே கடலை எடுத்துக்கொள்வோம். நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் 2019இல் தமிழக அரசு எல்கேஜி, யுகேஜி வகுப்புகளைத் தொடங்கியது. அப்படியொரு வகுப்பில் ஒரே ஒரு செல்போனை வைத்தே இதைச் செய்துவிடலாம்.

தலையில் மாட்டும் விஆர் கருவி வேண்டவே வேண்டாம். மெட்டா நிறுவனமே தன் குவெஸ்ட் கருவியை 10 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்கு அனுமதிப்பதில்லை. யூடியூபில் திமிங்கிலம் வரும் 360 டிகிரி கடலடி வீடியோ ஒன்றைத் தேடுங்கள். போனைத் திருப்பும் பக்கமெல்லாம் காட்சியும் திரும்ப வேண்டும். திரும்பவில்லையா? அந்த போனில் கைரோஸ்கோப் சென்சார் இல்லாமலிருக்கலாம், விரலால் நகர்த்திக்கொள்ளலாம். முதல்நாளே முழுவதையும் பார்த்துவிடுங்கள். சுறா திடீரென்று பாய்ந்தால் வேறு வீடியோ தேடுங்கள்.

வகுப்பில் போனை எடுக்குமுன் குடிதண்ணீரில் கல்லுப்பைக் கரைத்து, ஆளுக்கொரு சொட்டு நாக்கில் விடுங்கள். சங்கோ சோழியோ இருந்தால் கையில் கொடுங்கள். பிறகு மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். நீலத்திமிங்கிலம் 30 மீட்டர்வரை வளரும். கோலமாவால் அந்த நீளத்துக்குக் கோடு இழுத்து, அதன்மேல் பிள்ளைகளை நடக்க விடுங்கள். நாமக்கல் பிள்ளைக்கு லாரி தெரியும். மூன்று பெரிய லாரிகளை வரிசையாக நிறுத்தின நீளம் என்றால் பிடித்துக்கொள்ளும். இதைச் செய்யாமல் உள்ளங்கைத் திரையில் மட்டும் பார்த்தால், திமிங்கிலத்தை அயிரைமீன் அளவென்றே நினைத்துவிடும். எதை விட்டாலும் இந்தக் கோட்டை விடாதீர்கள்.

இனி போன். அழைப்பு வராதபடி அமைத்துவிட்டு, நான்கைந்து பேரைப் பாயில் உட்கார வையுங்கள். நின்று பார்த்தால் தடுமாறி விழுவார்கள். போன் உங்கள் கையிலேயே இருக்கட்டும். "மேல பாரு கண்ணு, என்ன தெரியுது? நமக்குப் பின்னாடி யாரு வர்றா?" என்று கேட்டுக்கேட்டுத் திருப்புங்கள். மூன்று நிமிடம் போதும். மூன்று, நான்கு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாதென்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. வீட்டு டிவியும் அந்தக் கணக்கில்தான் சேரும். தலை சுற்றுகிறது என்றாலோ, கண்ணை மூடிக்கொண்டாலோ, அந்தப் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

முடிந்ததும் களிமண்ணைக் கொடுங்கள். பார்த்ததைச் செய்து, கோலமாவுக் கோட்டின்மேல் கொண்டுபோய் வைக்கட்டும். அப்போது பேசுவதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே சார்ட்டில் எழுதி, அழைத்துப்போக வரும் அம்மா, அப்பத்தாவிடம் படித்துக் காட்டுங்கள்.