அந்த நம்பரை விடுவதற்கு முன்

திருச்சி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. பட்டுக்கோட்டை வீட்டு பிராட்பேண்ட் திட்டம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, ஃபைபருக்கு மாற்றிப் புதுப்பிக்கும்போது லேண்ட்லைனை வைத்துக்கொள்வதா, சரண்டர் செய்துவிடுவதா என்று கேட்டிருந்தாய். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அதனால்தான் கடிதம்.

தொலைபேசித் துறையிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் நான் கண்ணை மூடிக்கொண்டு "வைத்துக்கொள்" என்பேன் என்று உன் அப்பா நினைத்திருப்பான். அப்படி இல்லை. வேளச்சேரியில் நீ இருக்கும் வீட்டுக்கு லேண்ட்லைன் தேவையே இல்லை. பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கிறது. இரவில் உங்கள் இருவர் கையிலும் செல்போன் இருக்கிறது. எடுத்துப் பேச ஆளில்லாத வீட்டில் அந்தக் கருவி வெறுமனே இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பட்டுக்கோட்டை வீடு அப்படி அல்ல. அதைத்தான் விளக்கமாக எழுத நினைக்கிறேன்.

"கரண்ட் போனாலும் லேண்ட்லைன் பேசும்" என்பதுதான் உன் அப்பா சொல்லும் காரணம். செம்புக் கம்பி இருந்தவரை அது முழு உண்மை. எக்ஸ்சேஞ்சில் பேட்டரி ரூம் என்று ஒன்று உண்டு. இரண்டு வோல்ட் செல்கள் இருபத்துநான்கை வரிசையாகக் கோத்து 48 வோல்ட் வைத்திருப்போம். அந்த மின்சாரம்தான் கேபிள் வழியாக, தெருமுனைப் பில்லர் வழியாக, வீட்டு டிராப் வயர் வழியாக உங்கள் போன் வரை வந்தது. ஊரே இருட்டில் கிடந்தாலும் ரிசீவரை எடுத்தால் டோன் கேட்டதற்கு அதுதான் காரணம். மின்வாரிய சப்ளை நின்றால் பேட்டரி தாங்கும். பேட்டரி இறங்குவதற்குள் ஜெனரேட்டரைப் போட்டுவிட வேண்டும். டோன் நிற்கக்கூடாது என்பதில் நாங்கள் அவ்வளவு கவனமாக இருந்தோம்.

ஃபைபர் கண்ணாடி இழை. அதில் ஒளி போகும், மின்சாரம் போகாது. வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டிக்கு, ஓஎன்டி என்பார்கள், உங்கள் வீட்டு மின்சாரம்தான் வேண்டும். கரண்ட் போனால் பெட்டி அணையும். பெட்டி அணைந்தால் இணையமும் போகும், போனும் டெட். பழைய கருவியையே அதில் செருகி, பழைய நம்பரிலேயே பேசினாலும், அது பழைய லேண்ட்லைன் அல்ல என்பதை உன் அப்பாவுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல். இது தெரியாமல் அதை நம்பி இருப்பதுதான் ஆபத்து.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதன் லைன் விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் மட்டும் போகிறதா, பெட்டியை மாட்டப்போகும் இடத்தில் உள்ள பிளக் பாயிண்டுக்கும் போகிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். போகவில்லை என்றால் லைன் இழுக்கச் சொல். அது சிரமம் என்றால் ரௌட்டருக்கென்றே விற்கிற மினி யுபிஎஸ் ஒன்று வாங்கி வை. அந்தப் பெட்டி மிகக் கொஞ்சம் மின்சாரம்தான் இழுக்கும். கார்ட்லெஸ் போன் மட்டும் வாங்காதே. அதன் அடிப்பெட்டிக்குத் தனியாகக் கரண்ட் வேண்டும். அங்கேயும் ஒரு சிக்கல் எதற்கு?

இன்னொன்று கேட்க மறந்துவிடாதே. ஃபைபர் இணைப்பை இப்போது பல ஊர்களில் உள்ளூர் கேபிள்காரர்கள் மூலமாகத்தான் தருகிறார்கள். வீட்டுப் பெட்டிக்கு யுபிஎஸ் வைத்துவிட்டு, கேபிள்காரரிடம் உள்ள கருவி கரண்ட் போனதும் நின்றுவிட்டால் பயன் இல்லை. "மின்சாரம் இல்லாமல் உங்கள் பக்கம் எத்தனை மணி நேரம் தாங்கும், ஜெனரேட்டர் இருக்கிறதா" என்று நேராகக் கேள். நல்ல ஆளாக இருந்தால் கணக்குச் சொல்வார். மழுப்பினால் அதிலிருந்தே புரிந்துகொள்.

கஜா புயலை நீ மறந்திருக்க மாட்டாய். 2018 நவம்பர் 16 அதிகாலை அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்த கோலத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. மின்கம்பங்கள் விழுந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் எந்த யுபிஎஸ்ஸும் காப்பாற்றாது. கம்பத்தில் கட்டிய ஃபைபரும் கம்பத்தோடு சேர்ந்து அறுந்து விழும். ஆகவே புயலுக்காக லேண்ட்லைன் என்ற கணக்கை விட்டுவிடு. அப்பா, அம்மா செல்போன்களில் இரண்டு வேறு கம்பெனி சிம் இருக்கட்டும், சார்ஜ் நிறைந்த ஒரு பவர் பேங்க் இருக்கட்டும். ஒன்றில் சிக்னல் போனாலும் மற்றதில் கிடைக்கக் கூடும்.

அப்படியானால் எதற்காக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்? அப்பாயிக்காக.

என் அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. தொடுதிரை அவருக்கு வெறும் கண்ணாடி. எங்கே தொட்டால் எது வரும் என்று தெரியாது. லேண்ட்லைன் பொத்தானில் 5-ன் மீது சின்னதாக ஒரு புள்ளி மேடு இருக்கும். அதை விரலால் தடவி, அங்கிருந்து மேலும் கீழும் எண்ணித்தான் அவர் போன் போடுகிறார். லேண்ட்லைனிலிருந்து கூப்பிடும்போது செல்போன் நம்பருக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று 2021 ஜனவரி 15 முதல் விதி வந்ததே, அதையும் பழகிக்கொண்டார். பேராவூரணிச் சித்தியோடு தினமும் பேசுவது அதில்தான். உன் அப்பாவும் அம்மாவும் தோப்புக்குப் போய்விட்டால் வீட்டில் அவர் தனி. மயக்கமாக வந்தாலோ, கால் இடறினாலோ, 108-க்கோ பக்கத்து வீட்டுக்கோ கூப்பிட அவருக்குத் தெரிந்த ஒரே கருவி அது. வைத்த இடத்திலேயே இருக்கும், சார்ஜ் இறங்காது, ரீசார்ஜ் நாள் தவறி ஊமையாகாது. பொத்தான் செல்போன் வாங்கித் தரலாம் என்றாய். வாங்கிக் கொடு, நல்லதுதான். ஆனால் தலையணைக்கு அடியில் மாட்டிக்கொண்ட செல்போனை அவர் எப்படித் தேடுவார்? அந்தப் பழைய வீட்டின் கனத்த சுவருக்குள் சிக்னலும் சரியாக எட்டுவதில்லை. உன் அப்பா, அம்மா போனில் வைஃபை காலிங்கைப் போட்டுவிட்டால் அவர்களுக்கு அந்தக் குறை தீரும். சாதாரணப் பொத்தான் போனில் அந்த வசதி இருக்காது.

அடுத்து, நம்பர். செல்போன் நம்பரை 2011 ஜனவரியிலிருந்து நாடெங்கும் கம்பெனி விட்டுக் கம்பெனி கொண்டுபோகலாம். லேண்ட்லைனுக்கு அந்த வசதி நம் நாட்டில் இல்லை. தனியார் கம்பெனிக்குப் போனால் அவர்கள் புது நம்பர்தான் தருவார்கள். பழையது போனது போனதுதான். இப்போது இருக்கும் பிஎஸ்என்எல்லிலேயே செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறினால் பழைய நம்பரைத் தொடரலாம். விண்ணப்பத்தில் அதைத் தெளிவாக எழுதச் சொல். தேங்காய் வியாபாரி, உரக்கடை, அத்தை வீடு, கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் எல்லோரிடமும் இருப்பது அந்த நம்பர். வங்கி ஓடிபி எப்படியும் செல்போனுக்குத்தான் வருகிறது, அதனால் பணம் சம்பந்தப்பட்ட காரியம் எதுவும் நிற்காது. ஆனால் அப்பாயியின் வயதில் இருக்கும் உறவுக்காரர்களுக்கு மனப்பாடமாக இருக்கும் ஒரே நம்பர் அது. புது நம்பரை அவர்களுக்கு யார் போய்ச் சொல்லி மனப்பாடம் செய்ய வைப்பது?

செலவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஃபைபர் திட்டங்களில் பேச்சு வசதி பெரும்பாலும் அதே கட்டணத்துக்குள் அடங்கிவிடுகிறது. போனை வேண்டாம் என்று சொன்னாலும் பணம் குறையாது. விளம்பரத்தில் போடும் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வரும், அதைச் சேர்த்துக் கணக்குப் போடு. ஒரு கம்பெனியில் ஃபைபர், இன்னொன்றில் செம்பு லேண்ட்லைன் என்று இரண்டு வாடகை மட்டும் கட்டாதே. அது தண்டச் செலவு.

லேண்ட்லைன் வைத்திருப்பதில் ஒரு கவலை எனக்கும் உண்டு. "இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்" என்று பதிவுக் குரலில் வரும் மோசடி அழைப்புகள் வீட்டு போனுக்கும் வருகின்றன. போலீஸ் என்றும் சிபிஐ என்றும் சொல்லி, "டிஜிட்டல் கைது" என்று மிரட்டி, வயதானவர்களின் சேமிப்பையே உருவிவிடுகிறார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. யார் என்று தெரியாத குரல் பணம், ஆதார், வங்கி என்று ஆரம்பித்தால் பதில் பேசாமல் ரிசீவரை வைத்துவிட வேண்டும் என்று அப்பாயிக்கு நீயே உட்கார்ந்து சொல்லிக்கொடு. நான் சொன்னால் "சரிப்பா" என்பார். பேத்தி சொன்னால் மனதில் வைத்துக்கொள்வார். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும் என்று உன் அப்பாவிடமும் சொல்லிவை.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த இணைப்பு இன்னும் உன் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவர் போய் இத்தனை வருஷம் ஆகியும் யாரும் மாற்றவில்லை. ஃபைபருக்கு மாற்றும்போது அடையாளச் சான்று கேட்பார்கள், அப்போது சிக்கலாகும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளுக்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் ஆகியவற்றோடு உன் அப்பா பெயருக்கு மாற்ற மனுக் கொடுங்கள். என் கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். அத்தையிடமும் வாங்கிவிடு.

ஃபைபர் வந்து, பழைய நம்பரில் மணி அடித்து, அப்பாயி எடுத்துப் பேசிய பிறகுதான் செம்பு லைனைக் கழற்ற விட வேண்டும். அதுவரை கழற்றச் சம்மதிக்காதே. என்றைக்காவது அந்த வீட்டில் அதை எடுத்துப் பேச ஆளில்லை என்ற நிலை வந்தால் தயங்காமல் சரண்டர் செய், டெபாசிட் பணத்தையும் திரும்பக் கேட்டு வாங்கு. இப்போது வேண்டாம். மாதக் கடைசிக்கு நாள் அதிகம் இல்லை. பெயர் மாற்ற மனுவை இந்த வாரமே கொடுத்துவிடு.

அன்புடன்,
பெரியப்பா