எல்லைச் சாவடியும் தனிமனித உரிமையும்

கஞ்சா நுகர்வைச் சட்டப்படி அனுமதிக்கலாமா என்னும் வினாவுக்கு உருகுவே 2013-லும் கனடா 2018-லும் ‘ஆம்’ என விடையளித்தன. நம் நாட்டில் இவ்வினா எழும்போது நுகர்வோரின் உரிமையே பெரிதும் பேசப்படுகிறது. பாலக்காட்டின் வாளையாறு, இடுக்கியின் குமுளி, போடிமெட்டு ஆகிய எல்லைச் சாவடிகளிலோ அது வேறு உருக் கொள்கிறது.

கஞ்சா முன்னர் அரசுக்கு வரி ஈட்டித் தந்த பொருளே. 1893-94-இல் ஆங்கில அரசு அமைத்த ஆய்வுக் குழு, முழுத் தடை வேண்டா, வரியும் கட்டுப்பாடும் போதும் எனப் பரிந்துரைத்தது. 1961-ஆம் ஆண்டின் பன்னாட்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. அதன் தொடர்ச்சியாக 1985-இல் போதைப் பொருள்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் சட்டம் பிறந்தது. பூவும் காயும் கொண்ட நுனிகளே இச்சட்டப்படி கஞ்சா. அவற்றோடு சேராத இலை அன்று. வடநாட்டில் பாங்கு வெளிப்படையாக விற்கப்படுவது இவ்வேறுபாட்டினால்தான்.

மது மாநிலப் பட்டியலில் அடங்குவதால் எல்லைக்கு இருபுறமும் கொள்கை மாறலாம். கஞ்சாவுக்கோ இருபுறமும் ஒரே மத்தியச் சட்டம். கேரள அரசு தன் ஆணையொன்றால் அதனைத் தளர்த்த இயலாது.

தண்டனைகளை ஒப்பிட்டால் உண்மை நிலை விளங்கும். கஞ்சா நுகர்ந்தவருக்கு மிகுதியாக 6 மாதச் சிறை. அடிமைப்பட்டவர் தாமே மருத்துவம் நாடினால் விலக்கும் உண்டு. செடி வளர்த்தவருக்கு 10 ஆண்டு வரையும், 20 கிலோவுக்கு மேல் கடத்தியவருக்குக் குறைந்தது 10 ஆண்டும் கடுங்காவல். சாவடியில் கையும் களவுமாக அகப்படுபவர் சுமந்து வந்தவரே. முதலீடு செய்தவர் பெரும்பாலும் அங்கு இருப்பதில்லை. எனவே சுதந்திரம் பற்றிய விவாதம் சுமப்பவரையும் கருத வேண்டும் என்பது நம் கருத்து.

அவருக்குச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு ஒரு காப்பு அளிக்கிறது. அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நடுவர் முன்னிலையில் தம் உடலைச் சோதிக்குமாறு அவர் கோரலாம். இவ்வுரிமையை முன்கூட்டியே அறிவிப்பது அலுவலரின் கடமை என 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைப்பைச் சோதனைக்கு இது பொருந்தாதென 2005-இல் அந்நீதிமன்றமே வரையறுத்தது. ஆயினும் உடல் சோதனையில், தமிழ் மட்டுமே அறிந்த ஏலத்தோட்டத் தொழிலாளியிடம் மலையாளப் படிவத்தில் கையொப்பம் பெறுவது அறிவித்தல் ஆகாது. அவருக்குப் புரியும் மொழியில் கூறி, அவர் அளித்த விடையையும் எழுதிக்கொள்ள வேண்டும்.