தலைக்கட்டு வரியும் தூரத்துப் பள்ளியும்

பொம்மையார்பாளையம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. வெளிநாட்டுப் பள்ளிகளோடு நம் பள்ளிகளை இணைக்கும் தொண்டு நிறுவனத்தில் நிதி திரட்டும் வேலை கிடைத்திருப்பதாக அண்ணி சொன்னார். "இவ்வளவு படிச்சிட்டுக் கை நீட்டணுமா?" என்று அவருக்கு மனத்தாங்கல். இருபது வருஷம் இதே வேலையில் இருந்தவன் சொல்கிறேன்: கேட்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கணக்குச் சொல்வது.

நம் ஊரில் திருவிழா முடிந்ததும் வீட்டுக்கு வீடு வாங்கிய தலைக்கட்டு வரிக்குக் கணக்கு வாசிப்பார்களே, பந்தல், மேளம், பூ என்று கடைசி ரூபாய் வரைக்கும். வரி கொடுத்தவர் யார் எழுந்து கேட்டாலும் பதில் சொல்லியாக வேண்டும். நான் தொழில் கற்றது அந்தக் கோயில் வாசலில்தான். வெளிநாட்டில் ஒரு பிள்ளை கேக் சுட்டு விற்றுச் சில்லறை சேர்த்து அனுப்புகிறது என்றால், அதுவும் நமக்கு ஒரு தலைக்கட்டுதான்.

பள்ளிக்காக ஊரைக் கேட்பது நமக்குப் புதிதுமில்லை. காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு 1958-இல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கியபோது, ஊர்க்காரர்கள் தாங்களே முன்வந்து பள்ளிக்கு வேண்டியதைக் கொடுத்தார்கள். 2022-இல் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் அந்த வழியில் வந்ததுதான்.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை நன்றாகப் படித்துக்கொள். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை முதலில் ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முன்பு 50 வரை போகலாம் என்று இருந்தது. நன்கொடையாளரிடம் வாக்குக் கொடுக்கும் முன் இந்த மூன்றையும் நினைத்துப் பார்.

சட்டத்தில் எழுதாத ஒன்றும் உண்டு. சுனாமிக்கு அடுத்த வருஷம் நடந்தது. பணம் தர வந்த ஒருவர், "சட்டை கிழிஞ்ச பையனா நிறுத்துங்க" என்றார், படம் எடுக்க. நிறுத்தினேன். பணமும் வந்தது. அந்தப் பையன் இன்று சொந்தப் படகு வைத்திருக்கிறான். எங்கே பார்த்தாலும் நின்று பேசிவிட்டுத்தான் போவான். எனக்குத்தான் அவன் முகத்தை நேராகப் பார்க்க முடிவதில்லை. உன்னிடம் யாராவது அப்படிக் கேட்டால் எழுந்து வந்துவிடு பாப்பா. வேலை போனாலும் சரி.

இரக்கம் கேட்காமலும் பணம் வரும். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவரின் மகள் ஒருத்தி, தன் பள்ளியோடு இணைந்த வெளிநாட்டுப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதினாள். பாத்தித் தண்ணீர் வற்றும்போது மேலே பாலாடை மாதிரி உப்புப் படிவதையும், அப்பா அதை நீளக் கம்பு வைத்த பலகையால் இழுத்துக் குவிப்பதையும், ஒரு மழை வந்தால் அத்தனையும் கரைந்துபோவதையும் எழுதியிருந்தாள். கஷ்டம் என்ற சொல்லே அதில் இல்லை. அந்த வகுப்புப் பிள்ளைகள் தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வைத்துப் பார்த்துவிட்டு, "மூன்று வாரமாகியும் ஒரு கரண்டி தேறவில்லை, உன் அப்பாவுக்கு எப்படி வருகிறது?" என்று பதில் போட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதினாள். அந்தப் பள்ளியிலிருந்து பன்னிரண்டு வருஷம் விடாமல் பணம் வந்தது.

கையெழுத்துப் போடும் முன், அந்த நிறுவனத்தின் கடைசி மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம். சித்தி வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன் என்கிறாள்.

அன்புடன்,
சித்தப்பா