வண்டி உன்னிடம், இந்தி என்னிடம்

திருப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். உன் அம்மா நேற்று போனில் ஒரே புலம்பல். நீயும் கம்பெனி நண்பர்களும் சேர்ந்து பைக் கிளப் ஆரம்பித்துவிட்டீர்களாம். கறுப்பு டி-ஷர்ட், முதுகில் மண்டையோடு, அதற்குக் கீழே ‘பிரதர்ஹுட்’ என்று கொட்டை எழுத்து. பையன் ரவுடியாகிவிடுவானோ என்று அவளுக்குப் பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. நம் ஊரில் டி-ஷர்ட் அடிப்பதைவிடச் சுலபமான காரியம் எது? துணி கையில் இருக்கிறது, பிரிண்டிங் பட்டறை பக்கத்துத் தெருவில், ஓவர்லாக் ஓட்ட ஆள் உன் ரூமிலேயே. டி-ஷர்ட் வந்ததும் கிளப்பும் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, அவ்வளவுதான். இதைப் போனில் சொன்னால் “சரிங்க மாமா” என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ வீடியோவில் பார்த்து மயங்கும் அமெரிக்க கிளப்புகளின் கதை பட்டாளத்தில்தான் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய பையன்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. கூடவே தின்று, கூடவே தூங்கி, கூடவே சாகக் காத்திருந்த ஆட்கள் திடீரென்று பக்கத்தில் இல்லை. பைக் அவர்களைத் திரும்பச் சேர்த்தது. 1946இல் கலிபோர்னியாவில் ‘பூஸ்ஃபைட்டர்ஸ்’ என்றொரு கிளப் பிறந்தது, பெயரிலேயே சாராயம். அடுத்த ஆண்டு ஜூலையில் ஹாலிஸ்டர் என்ற சிற்றூருக்கு ரேஸ் பார்க்க வந்த பைக் கூட்டம் குடித்துக் கலாட்டா செய்தது. ‘லைஃப்’ பத்திரிகை படம் போட்டது, 1953இல் மார்லன் பிராண்டோ நடித்து ‘தி வைல்ட் ஒன்’ வந்தது. பைக்கில் கூட்டமாக வருகிறவன் ரவுடி என்ற பெயர் உலகம் பூராவும் நிலைத்துவிட்டது. உன் அம்மாவின் பயத்துக்கு வயது எழுபதுக்கு மேல்.

அந்தப் பெயரை மாற்றியவர்களும் பழைய பட்டாளத்துக்காரர்கள்தான். 1993இல் மிச்சிகன் மாநிலம் கார்டன் சிட்டியில், ‘அமெரிக்கன் லீஜியன்’ என்ற முன்னாள் படைவீரர் சங்கத்தின் ஒரு கிளையில், பைக் ஓட்டும் உறுப்பினர்கள் தனி அணி அமைத்தார்கள். அது மற்றக் கிளைகளுக்கும் பரவியது. போரில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவுக்குப் பணம் திரட்ட அவர்கள் ஆண்டுதோறும் நெடும்பயணம் போகிறார்கள்.

2005இல் கான்சாஸ் மாநிலத்தில் இன்னொன்று நடந்தது. இராக்கில் இறந்த சிப்பாய்களின் சவ அடக்கத்துக்கு ஒரு சிறு மதக்குழு வந்து, “கடவுள் கொடுத்த தண்டனை” என்று அட்டை பிடித்துக் கூச்சல் போட்டது. அந்த ஊர் சட்டப்படி அதைத் தடுக்க வழியில்லை. அங்கிருந்த லீஜியன் பைக் அணியினர் ஒரு காரியம் செய்தார்கள். கொடிகளை ஏந்தி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, குடும்பத்தாரின் கண்ணில் அந்த அட்டைகள் படாதபடி வரிசையாக நின்றார்கள். கூச்சல் அதிகமானால் எஞ்சினை முறுக்கினார்கள். கைகலப்பும் இல்லை, பதிலுக்கு வசவும் இல்லை. ‘பேட்ரியட் கார்டு ரைடர்ஸ்’ என்ற அமைப்பு அப்படிப் பிறந்தது. அவர்கள் வைத்திருக்கும் இரண்டு விதிகளைக் குறித்துக்கொள். குடும்பத்தார் அழைக்காமல் போகமாட்டார்கள். அதில் சேர பைக் இருக்க வேண்டியதுகூட இல்லை.

மண்டையோட்டை எடுத்துக்கொண்டாய், சரி. இந்த இரண்டு விதியையும் சேர்த்து எடுத்துக்கொள்.

நம் நாட்டுப் பட்டாளத்துக்கும் பைக்குக்கும் உறவு புதிதல்ல. நீ ஆசைப்பட்டு வாங்கிய புல்லட் இந்த நாட்டில் வேரூன்றியதே 1950களில் ராணுவமும் போலீசும் எல்லைக் காவலுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததால்தான். 1955இல் அதைச் செய்த கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் வண்டி தயாரானது. நான் இருந்த சிக்னல்ஸ் படைக்கு 1935இலிருந்து ‘டேர்டெவில்ஸ்’ என்ற பைக் அணி உண்டு. குடியரசு தின அணிவகுப்பில் நீ பார்த்திருப்பாய்: ஏழெட்டு வண்டி ஒட்டி ஒட்டி வர, அதன்மேல் ஆள்மேல் ஆளாகப் பிரமிடு. டி.வி.யில் உச்சியில் சல்யூட் அடிப்பவன்தான் தெரிவான். வேலை கீழே வண்டி ஓட்டுகிறவனுடையது. தன் தோள்மேல் யார் நிற்கிறார்கள் என்று அவனால் நிமிர்ந்து பார்க்க முடியாது. பக்கத்து வண்டியின் வேகத்தில் தன் வேகத்தை வைத்து, ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஒருவன் கையைத் தளர்த்தினால் அத்தனை பேரும் தரையில்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். காலை எட்டரை மணி ஷிப்டுக்கு உள்ளே போகும்போது உன் கம்பெனி கேட்டில் நிற்கிற வாட்ச்மேனை நீ நிமிர்ந்து பார்த்திருக்கமாட்டாய். காலரில் மடிப்புக் கலையாத சட்டை, கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ஷூ, வண்டி நம்பரைக் கோடு போட்ட நோட்டில் மணியோடு எழுதும் பழக்கம். ஆள் மிலிட்டரிக்காரர். ஏ.டி.எம். வாசலிலும், டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகம் மூலமாக அரசு நிறுவனங்களிலும் இப்படி எத்தனையோ பேர். சிப்பாயாகச் சேர்ந்தவன் பெரும்பாலும் நாற்பது வயதை ஒட்டிப் பென்ஷனில் வந்துவிடுகிறான். உடம்பில் தெம்பு இருக்கும், கூப்பிட ஆள் இருக்காது. 2022இல் தொடங்கிய அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் நாலு வருடம் முடிந்ததும் நான்கில் ஒருவரைத்தான் படையில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் உன் வயதிலேயே ஊர் திரும்புவார்கள்.

இவர்களிடம் இருக்கும், உங்களிடம் இல்லாத சரக்கு மூன்று. முதலுதவி தெரியும். டியூட்டி லிஸ்ட் போட்டு அதன்படி நடக்கத் தெரியும். மூன்றாவது, இந்தி தெரியும். லங்கரில், அதாவது பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடத்தில், தட்டை நீட்டியபடி கற்றுக்கொண்ட இந்தி அது. இலக்கணம் தேறாது, ஆனால் எவனிடமும் பேசிப் புரியவைத்துவிடலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் ஆறு பேர் எட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பையன்கள் நிறைந்த ஊரில் இது எவ்வளவு பெரிய சொத்து என்று யோசி. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பயந்துபோன பையன்கள் மூட்டையைக் கட்டினார்களே, நினைவிருக்கிறதா? பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நம் ஊருக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனது. அந்த வாரம் ஒவ்வொரு லைன் வீட்டு வாசலிலும் உட்கார்ந்து “டரோ மத், பேட்டா” (பயப்படாதே, மகனே) என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் பாதிப் பயம் அங்கேயே அடங்கியிருக்கும்.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். உன் கிளப்பில் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு மிலிட்டரிக்காரரை ஜோடி சேர். ராணுவத்தில் ஒருவனுக்கு ஒருவன் என்று இப்படித்தான் போட்டுவிடுவார்கள். ஜோடிக்காரன் சாப்பிட்டானா, பூட்ஸ் கடிக்கிறதா, வீட்டுக் கடிதம் வந்து முகம் வாடியிருக்கிறதா என்று பார்ப்பது உன் டியூட்டி. அவனை உனக்குப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் பிடித்துப்போகும். நீ டி-ஷர்ட்டில் அடித்திருக்கிற சமாச்சாரம் அப்படித்தான் வருகிறது.

ஜோடி சேர்ந்து என்ன செய்வது? மூன்று வேலை சொல்கிறேன்.

முதலாவது, விபத்து. அவிநாசி ரோட்டிலும் பல்லடம் ரோட்டிலும் துணி பாரம் ஏற்றிய குட்டியானையும் கம்பெனி வேனும் எப்படிப் பறக்கும் என்று உனக்குத் தெரியும். அடிபட்டுக் கிடப்பவனைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகாதே. கழுத்தோ முதுகெலும்போ அடிபட்டிருந்தால் நீயே அவனை முடமாக்கிவிடுவாய். 108ஐக் கூப்பிடு. பின்னால் வரும் வண்டிகளை நிறுத்த இரண்டு பேரை அனுப்பு. மூச்சுக்குத் தடை இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதே. ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து விடாமல் அழுத்து; பனியன் துணிக்கா நம் ஊரில் பஞ்சம்? போலீஸ் கேஸில் மாட்டுவோமோ என்று பயப்படாதே. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்தவனைக் காக்கிறது. உன் பெயரைச் சொல்லும்படிகூட யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில், சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவன் எந்த மாநிலத்துக்காரன் என்றாலும் உண்டு. ஆனால் இது அந்த ஒடிசாப் பையனின் ரூம்மேட்டுக்குத் தெரியாது. பில் கட்டக் காசில்லை என்று வாசலில் நடுங்கிக்கொண்டு நிற்பான். அவனிடம் பேச வேண்டியவர் உன் ஜோடிக்காரர்.

இரண்டாவது, ரத்தம். ரத்தப் பையைப் பைக்கில் வாங்கிக்கொண்டு ஓடுவது வீரம் என்று எண்ணாதே. அதைக் குளிர் குறையாமல் கொண்டுபோக முறை இருக்கிறது, அது ஆஸ்பத்திரிக்காரர்கள் வேலை. நீங்கள் ஏற்றிப்போக வேண்டியது கொடுக்கும் ஆளை. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாமல் இருக்கும் ஆண் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். எல்லோரும் ஒரே நாளில் கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டால் அப்புறம் மூன்று மாதம் கிளப்பில் ஆள் இருக்காது. டெங்கு நேரத்தில் தேவைப்படும் தட்டணுக்களை ஐந்து நாளுக்குமேல் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே யார் எந்த வாரம் என்று முறை போட்டு நோட்டில் எழுது. ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவனை, தூங்காமல் சாப்பிடாமல் அழைத்துப்போகாதே.

மூன்றாவது, நவம்பர் மாதம். காங்கேயம், தாராபுரம், உடுமலைப் பக்கத்துக் கிராமங்களில் மிலிட்டரிக்காரர்களின் விதவைகள் எத்தனையோ பேர் தனியாக இருக்கிறார்கள். உயிரோடு இருக்கிறேன் என்று ஆண்டுக்கு ஒருமுறை, நவம்பரில், சான்று கொடுத்தால்தான் பென்ஷன் தொடரும். இப்போது எல்லாம் ‘ஸ்பர்ஷ்’ என்ற கணினி முறைக்குப் போய்விட்டது. போனில் முகத்தைக் காட்டினாலே முடிகிற காரியம், ஆனால் ஆத்தாவிடம் இருப்பது பட்டன் போன். பஸ் பிடித்து, ஆபீஸ் தேடி, “நாளைக்கு வாங்கம்மா” என்று கேட்டுத் திரும்புகிறாள். உன் போனும் வண்டியும் உன் ஜோடிக்காரரின் காகிதப் பழக்கமும் சேர்ந்தால் அது பத்து நிமிட வேலை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்ச் சொல்லி, அவர்கள் காட்டும் வீடுகளுக்கு, அந்த வீட்டாருக்குத் தெரிந்த மிலிட்டரிக்காரர் கூட வரப் போ. முன்பின் தெரியாத பையன்களிடம் எந்த ஆத்தாவும் பென்ஷன் புத்தகத்தைக் காட்டமாட்டாள். காட்டவும் கூடாது.

சில கட்டுப்பாடுகளும் உண்டு. வண்டி ஓட்டும்போது ராணுவ கான்வாய் முறை: உனக்குப் பின்னால் வருகிறவன் உன் பொறுப்பு. கண்ணாடியில் அவன் தெரியவில்லை என்றால் நீ நிறுத்து. நீ நின்றால் உனக்கு முன்னே போகிறவன் நிற்பான். கடைசி வண்டியில் இருப்பவர் அனுபவசாலியாக இருக்கட்டும். ஹெல்மெட் இல்லாதவன் வண்டியை எடுக்கக்கூடாது. சைலன்ஸரை மாற்றி ஊரை எழுப்புகிறவனுக்குக் கிளப்பில் இடமில்லை.

பணம் அடுத்தது. கிளப்புகள் சண்டையில் உடைவதைவிடக் கணக்கில் உடைவதுதான் அதிகம். சனிக்கிழமை சம்பளம் வந்ததும் ஆளுக்குச் சின்னத் தொகை, ரசீது, நோட்டு, இரண்டு பேர் கையெழுத்து. நோட்டை யார் கேட்டாலும் காட்ட வேண்டும்.

போட்டோ: உதவி பெற்றவர் முகம் எந்த ஸ்டேட்டஸிலும் வரக்கூடாது. சாதி: நம்பர் பிளேட்டிலும் விண்ட்ஷீல்டிலும் சாதிப் பெயரை ஒட்டிக்கொண்டு வருகிறவன் அதை உரித்துவிட்டு வரட்டும். லங்கரில் ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிட்டவர்கள் பக்கத்தில் அந்த ஸ்டிக்கரோடு நிற்க அவனுக்கே கூச்சமாக இருக்கும்.

சேவை என்றால் மிலிட்டரிக்காரன் கொடுப்பது, ஜனங்கள் வாங்குவது என்றும் நினைக்காதே. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர், நமக்குப் பக்கத்துச் சூலூரிலிருந்து கிளம்பி, குன்னூர் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. முதலில் ஓடியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். வீட்டுப் போர்வைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், குடத்தில் தண்ணீர் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு எந்தக் கிளப்பும் இல்லை. பிறகு ராணுவம் அந்த ஊருக்கே வந்து நன்றி சொல்லி, ஓராண்டுக்குத் தத்தெடுத்தது.

அடுத்த ஞாயிறு மத்தியானம் உன் ஆட்களை அழைத்துக்கொண்டு வா. எனக்குத் தெரிந்த நாலு மிலிட்டரிக்காரர்களை நான் கூப்பிடுகிறேன். அவர்களை ‘அண்ணா’ என்று கூப்பிட்டால் போதும், சல்யூட் எல்லாம் வேண்டாம். வரும்போது ஒரு நோட்டும், பையன்களின் ரத்த வகையும், யாருக்கு எந்த ஷிப்டு என்ற விவரமும் எழுதி எடுத்துக்கொண்டு வா. அது இல்லாமல் வந்தால் சாப்பாடு மட்டும் போட்டு அனுப்பிவிடுவேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா