சிசேரியன் முடிந்ததும் குழந்தை யார் மார்பில்?

என் மகளை முதன்முதலில் பார்த்தபோது அவள் ஒரு பச்சைத் துணிச் சுருள். ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்த சிஸ்டர், "பொம்பளப் பிள்ளை சார், ரெண்டே முக்கால் கிலோ" என்று முகத்தை மட்டும் விலக்கிக் காட்டினார். கை நீட்டினேன். "கழுத்து நிக்காத பிள்ளை மாப்பிள்ளை, நீங்க வேண்டாம்" என்று அத்தை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே மனைவிக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மகளைத் தொட்டது நான்கு மணி நேரம் கழித்து. அவ்வளவு நேரமும் மகள் தொட்டிலில் விட்டு விட்டு அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன், பித்தானெல்லாம் போட்ட சட்டையோடு.

யார் மீதும் குறை சொல்ல மாட்டேன். வேறு விதமாகவும் செய்யலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 சிசேரியன்; தனியார் மருத்துவமனைகளில் அது 64-ஐத் தொடுகிறது. அத்தனை வீடுகளிலும் இதே கதவும் இதே துணிச் சுருளும்தான் என்றால், இதைப் பற்றிப் பேசத்தான் வேண்டும்.

நம்பிக்கை: "நல்லா சுத்தி வச்சா சூடு தங்கும். வெறும் மார்பில் போட்டா சீதளம் பிடிக்கும்."

உண்மை: பச்சிளம் குழந்தைக்கு நம்மைப்போல நடுங்கிச் சூடு உண்டாக்கத் தெரியாது. பிடரியிலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சேர்த்து வைத்திருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது குளிரைச் சமாளிக்கிறது. அந்த எரிப்புக்கு ரத்தச் சர்க்கரையும் செலவாகும். துணி, இருக்கிற சூட்டைப் பிடித்து வைக்கும். புதிதாகச் சூடு தராது. ஏற்கெனவே குளிர்ந்துபோன பிள்ளையை எத்தனை டவலில் சுற்றினாலும் சூடு எங்கிருந்து வரும்?

தாயின் மார்பிலிருந்து வரும். குழந்தை குளிர்ந்தால் மார்புத் தோலின் சூடு கூடுகிறது. குழந்தை கதகதப்பானதும் தணிகிறது. இரட்டைக் குழந்தைகளைப் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது, இரண்டு மார்பும் அதனதன் மேல் கிடந்த பிள்ளையின் தேவைக்கேற்பத் தனித்தனியாகச் சூட்டை மாற்றிக்கொண்டதை அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் சூசன் லுடிங்டனின் குழு 2006-இல் பதிவு செய்தது. இதைப் படித்த அன்று எனக்குச் சற்று நேரம் வேறு வேலை ஓடவில்லை.

வெறும் மார்பு என்றால் குழந்தையை ஏசி காற்றில் திறந்து போடுவது என்று அர்த்தமில்லை. ஈரம் போகத் துடைத்து, தலைக்குக் குல்லாய், இடுப்புக்கு டயப்பர் மாட்டி, குப்புற மார்பில் படுக்க வைத்து, இருவருக்கும் சேர்த்து மேலே போர்வை. தோலோடு தோல் ஒட்டியிருக்க வேண்டும், முதுகு மூடியிருக்க வேண்டும்.

நம்பிக்கை: "வயித்தைத் திறந்து வச்சிருக்காங்க. அவளால எப்படிப் பிள்ளையை வாங்க முடியும்?"

உண்மை: பெரும்பாலான சிசேரியன்கள் முதுகில் ஊசி போட்டுச் செய்யப்படுகின்றன. நெஞ்சுக்குக் கீழே மரத்துப்போகும். நினைவு தெளிவாக இருக்கும், கைகள் அசையும். திரைக்கு இந்தப் பக்கம் மார்பின் மேல் குழந்தையைக் குறுக்காகப் போடலாம். இதயத் துடிப்பு பார்க்கும் பட்டைகளைத் தோள்பக்கம் தள்ளி ஒட்டி, ஒரு செவிலியர் பக்கத்திலேயே நின்று பிடித்துக்கொண்டால், அந்தப் பக்கம் தையல் வேலை அதன் போக்கில் நடக்கும். அறையின் குளிரைக் குறைக்க வேண்டும்; பிரசவம் நடக்கும் இடம் 25 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாய்ப்பாலுக்காக அந்த நிறுவனமும் யுனிசெஃபும் வகுத்து 2018-இல் புதுப்பித்த பத்துப் படிகளில் நான்காவது, பிறந்த உடனே இடையறாத தோல் தொடர்பு. சிசேரியன் தாய்க்கும் அது உரியதுதான்.

எல்லாத் தாய்மாருக்கும் இது முடியாது. முழு மயக்கம் கொடுத்திருக்கலாம், ரத்தப்போக்கு கூடியிருக்கலாம், வாந்தியும் நடுக்கமும் ஆளைப் படுத்தலாம். குழந்தைக்கு மூச்சு சரியாக வராவிட்டால் முதலில் மூச்சுதான், மற்றதெல்லாம் பிறகு. தாய் நலமாக இருந்தும், பார்த்துக்கொள்ள ஒரு செவிலியர் கூடுதலாக இல்லாததாலேயே பிள்ளை தொட்டிலுக்குப் போவதும் உண்டு. அந்த இடைவெளியில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

நம்பிக்கை: "ஆம்பள மார்புல என்ன இருக்கு? பாலா இருக்கு?"

உண்மை: பால் இல்லை. சூடு இருக்கிறது, இதயத்துடிப்பு இருக்கிறது, கருவில் இருக்கும்போதே காதில் விழுந்து பழகிய குரலும் இருக்கிறது. 1996-இல் சுவீடன் ஆய்வாளர் கில்லிகே கிறிஸ்டன்சன், தந்தையின் மார்பில் கிடந்த ஆரோக்கியமான குழந்தைகளின் உடற்சூடு நன்றாகவே காக்கப்படுகிறது என்று காட்டினார். 2007-இல் கெர்ஸ்டின் எர்லாண்ட்சனும் அவரும் உள்ளிட்ட குழு, சிசேரியனில் பிறந்த 29 குழந்தைகளை அவர்களின் தந்தையரோடு சேர்த்துக் கவனித்தது. ஒரு பகுதி தொட்டிலில், ஒரு பகுதி அப்பாவின் வெற்று மார்பில். மார்பில் இருந்தவர்கள் சீக்கிரம் அழுகை நிறுத்தினார்கள், சீக்கிரம் அமைதியானார்கள். தாய் பிரிந்திருக்கும் அந்த நேரத்தில் குழந்தையின் முதன்மைப் பராமரிப்பாளராகத் தந்தையைக் கருத வேண்டும் என்பது அவர்கள் வந்து சேர்ந்த முடிவு. 29 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் தொட்டிலருகே நின்றவன் என்ற முறையில், அந்த முடிவை நான் சந்தேகிக்கவில்லை.

"அப்பா மேல பழகிட்டா அம்மாகிட்ட பால் குடிக்காது" என்று இதற்கு ஒரு வாலும் உண்டு. இரண்டு மார்புக்கும் போட்டி கிடையாது. தாயால் முடிந்தால் தாய்தான் முதலில். அவருக்குத் தலைசுற்றல் வந்தால் தந்தை. தாய் தயாரானதும் மீண்டும் தாய். அழுது களைத்த பிள்ளையைவிட அமைதியாக விழித்திருக்கும் பிள்ளைதான் மார்புக்காம்பைத் தேடி நன்றாகப் பிடிக்கும். ஆகவே தாய் தயாராகும்வரை தந்தை தாங்கிப் பிடிப்பது பாலூட்டலுக்கும் சேர்த்துத்தான்.

எந்த மார்பும் கிடைக்காத அந்த நேரத்தில் நம் வீடுகளில் நடக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை அழுகிறதே என்று குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் சேனை வைப்பார்: சீனித் தண்ணீரோ தேனோ நாக்கில் ஒரு சொட்டு. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கலாம். ஒரு வயது வரை அது கூடாது. சில வீடுகளில் தீட்டு என்று அப்பாவைப் பத்துப் பதினாறு நாள் எட்டவே நிறுத்துகிறார்கள். பெரியவர்களின் அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த அழுகைக்கு வேண்டியது இனிப்பு அல்ல, ஓர் உடம்பின் சூடு என்பதைத்தான் சொல்கிறேன்.

நம்பிக்கை: "எடை குறைஞ்ச பிள்ளைக்கு இன்குபேட்டர்தான். மார்புல போடுறதெல்லாம் தெம்பான பிள்ளைக்கு."

உண்மை: இந்த முறை வளர்ந்ததே எடை குறைந்த பிள்ளைகளை வைத்துத்தான். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் ஒன்றில் இரண்டு மூன்று பிள்ளைகளைக் கிடத்தி, தொற்றில் பறிகொடுத்துக்கொண்டிருந்த மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் மார்போடு கட்டி வைக்கத் தொடங்கினார். கங்காரு பராமரிப்பு என்ற பெயர் அப்படி வந்தது. பிறகு டெல்லி உட்பட ஐந்து மருத்துவமனைகளில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட 3,211 குழந்தைகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியானது. உடல்நிலை சீராகும்வரை காத்திருந்து கங்காரு முறையைத் தொடங்கிய பிரிவில், முதல் 28 நாட்களில் 100-க்கு 15.7 குழந்தைகள் இறந்தன. பிறந்ததும் தொடங்கிய பிரிவில் 12. வித்தியாசம் அத்தனை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். தாயால் முடியாத நேரங்களில் வீட்டார் ஒருவர் அந்த இடத்தை ஏற்றார்.

நம்பிக்கை: "கழுத்து நிக்காத பிள்ளை. ஆம்பளைக்குப் பிடிக்கத் தெரியாது."

உண்மை: இதில் பாதி சரி. கழுத்து நிற்காதுதான், ஆகவே யாராக இருந்தாலும் கற்றுக்கொண்டு பிடிக்க வேண்டும். சாய்நாற்காலியில் சற்றுச் சாய்ந்து உட்கார வேண்டும். குழந்தையின் தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் எப்போதும் கண்ணில் பட வேண்டும். தாடை நெஞ்சில் மடங்கக் கூடாது. அரிதாகத்தான் என்றாலும், முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மார்பில் கிடக்கும் குழந்தைக்கே திடீரென மூச்சு நின்றுபோனதுண்டு. மருந்து மயக்கத்தில் தாய் கண்ணயர்வதும், பக்கத்தில் இருப்பவர் செல்போனில் மூழ்குவதும் அந்த ஆபத்தைக் கூட்டும். செவிலியர் அடிக்கடி வந்து நிறமும் மூச்சும் பார்க்க வேண்டும். காய்ச்சலோ தோலில் புண்ணோ இருந்தாலும், புகை பிடித்துவிட்டு வந்திருந்தாலும் தந்தை தள்ளியிருக்க வேண்டும். குளித்து, வாசனை எதுவும் பூசாமல் வந்தால் போதும்.

கணவரும் பிரசவத் துணையாக இருக்கலாம், ஆனால் தனிமைக்கு வசதி உள்ள இடங்களில் மட்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் சொன்னது. பல பெண்கள் ஒரே கூடத்தில் படுத்திருக்கும் இடத்தில் அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் அப்பாவின் மார்பில் பிள்ளையைப் போட, தியேட்டருக்கு வெளியே ஒரு சாய்நாற்காலிக்கும் அதைச் சுற்றி ஒரு திரைக்கும் ஆகும் செலவுதான் ஆகும். அறுவைக்கு நாள் குறிக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு வைப்பது நல்லது: தியேட்டரிலேயே பிள்ளையை மார்பில் போடுவீர்களா? முடியாவிட்டால் அப்பாவிடம் தருவீர்களா?

நம்பிக்கை: "அந்த முதல் மணி நேரம் போச்சுன்னா எல்லாம் போச்சு."

உண்மை: இல்லை. பிந்தித் தொடங்கினாலும் பலன் உண்டு.

இதை எங்கள் வீட்டில் சொன்னவர், மகளை ஐந்தாம் நாள் பார்த்த குழந்தை டாக்டர் அம்மா. அத்தையை உட்கார வைத்து விளக்கினார். மறுநாள் இரவு மகள் அழுகையை நிறுத்தவில்லை. மனைவி தையல் வலியில் அப்போதுதான் கண் மூடியிருந்தாள். அத்தையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க மாப்பிள்ளை" என்றார்கள். மகள் இரண்டு முறை முகத்தை என் நெஞ்சில் தேய்த்தாள், பிறகு அசையவில்லை. அத்தை போர்வையை அவள் தோள் வரை இழுத்துவிட்டு, மூக்கு வெளியே இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, விளக்கைக் குறைத்தார்கள்.